குண்டூசியின் எட்டு மணி

என் மனைவியை ஊரில் பாதிப் பேருக்குக் குண்டூசி என்றுதான் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பத்திரிகையில் அந்தப் பெயரில் எழுதினாள். தொலைக்காட்சித் தொடர், சினிமாப் பாட்டு, பற்பசை விளம்பரம், அலுவலகங்களுக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஓடவிடும் இசை என்று எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. ஒரு பாடகர் காதலியை நினைத்து உருகிப் பாடிய பாட்டைப் பற்றி, ‘இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டும் அந்தப் பெண் வரவில்லை என்றால் அவளிடம் ஏதோ நியாயம் இருக்கிறது’ என்று எழுதினாள். பாடகர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நோட்டீஸில் இருந்த எழுத்துப் பிழைகளைப் பற்றி அடுத்த வெள்ளிக்கிழமை எழுதினாள்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவள் ஒரே ஒரு விமர்சனம்தான் செய்திருக்கிறாள். நான் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் இன்னொரு கதைக்குப் போய்விடுகிறேனாம். இருக்கலாம். ஆனாலும் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அவளிடம் விட்டால் முதல் வரியிலேயே குறை கண்டுபிடித்து நிறுத்திவிடுவாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த இரை, எட்டு மணிக்கு வரும் ஒரு குடும்பத் தொடர். நீளமான பெயர் ஒன்று அதற்கு உண்டு, ஆனால் ‘எட்டு மணி’ என்றாலே எல்லோருக்கும் புரியும். ஒரு பெரிய வீடு, பெரியண்ணன், இரண்டு தம்பிகள், மூன்று மருமகள்கள். ஆறு வருடமாக அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு நல்லது நடக்கவில்லை. என் மனைவி அதை அடுப்படியில் காய் நறுக்கியபடி, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்ப்பாள்.

“பார்க்கணும்னு அவசியமே இல்ல. நான் இப்ப மாடிக்குப் போறேன், எனக்கு இப்ப கோபம் வருதுன்னு எல்லாத்தையும் அவங்களே சொல்லிடறாங்க” என்பாள்.

அந்த வீட்டு ரகசியங்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழேயே பேசப்படுவதால், படிக்கட்டை இடித்துவிட்டால் குடும்பம் நிம்மதியாக இருக்கும் என்று ஒருமுறை எழுதினாள். பெரியண்ணன் வருடத்துக்கு ஒருமுறை, வீடு பற்றி எரிகிற நேரமாகப் பார்த்து வெளிநாடு போவதைப் பற்றி எழுதினாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தால் அதை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டுவதைப் பற்றி எழுதினாள். பெரிய மருமகளாக நடித்த பெண்ணைப் பற்றி ஒரே வரிதான். ‘வாயைத் திறக்காதபோது நன்றாக நடிக்கிறார்.’

எங்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. என் அப்பா எங்களோடு இருக்கிறார். கடைகளில் எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை. எட்டரை மணிச் செய்திக்காக எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். “முன்னாடியே வந்தாத்தான் இடம் கிடைக்கும்” என்பார். அந்த அறையில் அவரைத் தவிர யாரும் உட்காருவதில்லை. வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் மருமகள் எழுதிய பக்கத்தை மட்டும் அவர் பிரிக்கவே மாட்டார். மாமனாரும் மருமகளும் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வீடு அமைதியாக இருந்தது.

ஒருநாள் பத்திரிகை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார்.

“உங்க பத்தியை நிறுத்திட்டு அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டி போடலாம்னு இருக்கோம்மா.”

“ஏன் சார்?”

“குறுக்கெழுத்து மேல யாரும் கேஸ் போடறதில்ல.”

வீட்டுக்கு வந்தவள் ஒரு வாரம் சும்மா இருந்தாள். சும்மா என்றால், எழுதாமல் இருந்தாள். வாய் சும்மா இல்லை. குக்கர் விசிலில் ஏற்ற இறக்கம் இல்லை என்றாள். எதிர்வீட்டு அழைப்புமணி யாரோ அழுவதுபோல் இருக்கிறது என்றாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவளுக்குச் சீக்கிரம் ஒரு வேலை பாருடா. நேத்து என் இருமலைப் பத்தி ஏதோ சொல்றா. ரெண்டாவது பாதியில தொய்வா இருக்காம்.”

நான் பார்க்கும் முன்பே வேலை அவளைத் தேடி வந்தது. எட்டு மணித் தொடரின் தயாரிப்பாளர் போன் செய்தார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் பெண்மணி அவர். பட்ட திட்டுக்கெல்லாம் சேர்த்து நேரில் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, துணைக்கு நானும் போனேன். அறையில் மேடமும், கழுத்தில் துண்டு சுற்றிய டைரக்டரும் இருந்தார்கள். இரண்டு பேரும் தூங்கிப் பல நாள் ஆனவர்கள் போலத் தெரிந்தார்கள்.

“எங்க கதாசிரியர் போன மாசம் வேற சேனலுக்குப் போயிட்டார்” என்றார் மேடம். “எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாம் தலைக்குள்ளதான். தலையையும் கையோட கொண்டு போயிட்டார். நடுத் தம்பிக்கு எத்தனை பிள்ளைங்கன்னு நேத்து கேட்டேன். டைரக்டர் ரெண்டுங்கறார், கேமராமேன் ஒண்ணுங்கறார். நடிகரைக் கேட்டா, எனக்கு ஞாபகமில்ல மேடம், வீட்டுல ரெண்டு இருக்குங்கறார்.”

“மூணு” என்றாள் என் மனைவி. “மூத்த பையனை ஹாஸ்டலுக்கு அனுப்பினாங்க. பையில துணியெல்லாம் எடுத்து வச்சு, அழுது, கார் ஏத்தி. அதுக்கப்புறம் அவனை யாரும் நினைக்கவே இல்ல.”

டைரக்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஆமா, அந்தப் பையன்” என்றார் மெதுவாக.

“பெரிய மருமகளோட அம்மா உயிரோட இருக்காங்களா?” என்று கேட்டார் மேடம்.

“ரெண்டு தடவை செத்துட்டாங்க.”

மேடம் டைரக்டரைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம், “இந்தத் தொடரை ஒரு நாள் விடாம பார்த்தவங்க உலகத்துல ரெண்டே பேர். ஒருத்தர் எங்க எடிட்டர், அவர் சம்பளத்துக்குப் பார்த்தார். இன்னொருத்தர் நீங்க. எப்ப வந்து சேர முடியும்?” என்றார்.

ஆறு வருடம் திட்டியதற்கு இப்படியும் ஒரு பலன் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “திங்கக்கிழமை” என்று வந்தது.

ஸ்டூடியோ ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த கொட்டகை. மழை பெய்தால் இன்றும் ரப்பர் வாசனை வரும். நாம் டிவியில் பார்க்கும் பெரிய மாளிகை, உள்ளே நாலு சுவர்கூட இல்லாத மூன்று சுவர். மாடிப்படி மேலே ஏறி ஒரு பலகையில் முட்டி நின்றுவிடும். பலகைக்குப் பின்னால் தையல்காரர் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருப்பார். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழும் மருமகள்கள் எல்லாம் உண்மையில் அவர் பக்கத்தில்தான் குந்தியிருப்பார்கள்.

முதல் நாளே அவள் டைரக்டரிடம் கேட்டாள், ரகசியத்தை எல்லாம் ஏன் படிக்குக் கீழேயே பேசுகிறார்கள் என்று. அவர் அவளைக் கூடத்தின் நடுவே நிற்க வைத்தார். பக்கத்துப் பட்டறையில் தகரம் அடிக்கும் சத்தம் காதைக் கிழித்தது. படிக்குக் கீழே அழைத்துப் போனார். சத்தம் அடங்கிவிட்டது.

“மைக்குக்கு இந்த ஒரு இடம்தாம்மா. இங்க பேசினாத்தான் கேக்கும். சந்தோஷமான சீன்னா கூடத்துல வச்சு மேல மியூசிக் போட்டுடுவேன். ரகசியத்துக்கு எப்படி மியூசிக் போடறது?”

பெரியண்ணனாக நடித்தவர் நிஜத்தில் ஒரு வங்கி மேலாளர். மாலையிலும் விடுமுறை நாளிலும் வந்து நடிப்பார். வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தில் அவருக்கு லீவு கிடையாது, அதனால் வெளிநாடு. மூன்று தடவை காட்டும் அறையின் காரணத்தை எடிட்டர் சொன்னார். “எபிசோட் நீளம் பத்தாட்டி என்ன பண்றது? ஒரு அறைக்கு அரை நிமிஷம் தேறும்.”

அன்று அவள் வீட்டுக்கு வந்து காப்பியைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“நான் எழுதினது ஒண்ணும் தப்பில்லங்க. ஆனா எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருக்காங்க. அதுதான் கஷ்டமா இருக்கு.”

இருந்தாலும் தன் தொடர் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். முதல் வாரத்தில், கணவன் தனக்குத் தெரியாமல் வீட்டை அடமானம் வைத்ததைப் பெரிய மருமகள் கண்டுபிடிக்கும் காட்சி. யாரும் எதுவும் சொல்லக் கூடாது, பார்வையிலேயே எல்லாம் தெரிய வேண்டும் என்று எழுதினாள். அது ஒளிபரப்பான அன்று சேனலுக்குப் போன் மேல் போன். டிவி கெட்டுவிட்டதா, சேனல் கெட்டுவிட்டதா என்று கேட்டார்கள். மறுநாள் காலை அப்பா, யாரிடம் என்றில்லாமல், “நேத்து செய்திக்கு முன்னால என்னமோ போட்டாங்க. ஒரு எழவும் புரியல” என்றார்.

மேடம் கோபப்படவில்லை. “பாதி ஜனங்க அடுப்படில நின்னு கேக்கறாங்கம்மா. நீங்களே அப்படித்தான் பார்த்தீங்க” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மருமகள் அவளைப் பார்க்க வந்தாள். திரையில் எந்நேரமும் கண்ணைக் கசக்கும் அந்தப் பெண், நிஜத்தில் ஸ்கூட்டரை வேகமாக ஓட்டி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிற ரகம்.

“நீங்கதானே எழுதினது, நான் வாயைத் திறக்காதப்ப நல்லா நடிக்கிறேன்னு?”

என் மனைவி எழுந்து நின்றாள். “அது வந்து, அந்த வாரம்...”

“உக்காருங்கக்கா, சண்டை போட வரல. நிஜம்தானே அது. எனக்கு வசனம் மனப்பாடமே ஆகாது. அடுத்த வரி என்னன்னு யோசிச்சுக்கிட்டே பேசறேன், மூஞ்சி கோணிக்குது. என்னைப் பத்தி எழுதினவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் உபயோகமா ஒண்ணு சொன்னீங்க. இப்ப நீங்களே எழுதறீங்க. எனக்கு வசனத்தைக் கொறைச்சுடுங்க. பிஸ்கட் எடுத்துக்குங்க.”

சங்கடம் இப்போது இரட்டிப்பாகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதாநாயகியோ வாயைத் திறக்கக் கூடாது. இதற்கு வழி தேடி என் மனைவி வீட்டில் உட்காரவும் முடியவில்லை, ஏனென்றால் அவள் கதையைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தாலே அப்பா காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அடுத்து நடப்பது முன்னாலேயே தெரிந்துவிடக் கூடாதாம். “செய்தியா?” என்று கேட்டேன். முறைத்தார்.

அதனால் என் கடையில், கண் பரிசோதிக்கும் இடத்துக்குத் திரைச்சீலை போட்டு, பின்னால் அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தேன். வசனத்தைச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவாள். ஒருநாள் ஒரு பெரியவர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு வந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து, “ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க? உங்க மனசாட்சி உங்களைச் சும்மா விடுமா?” என்று குரல் வந்தது. பெரியவர் வியர்த்துப்போய், “சார், கடைசி வரி தெரியலதான். குத்துமதிப்பாச் சொன்னேன்” என்றார்.

வழியை அங்கேதான் கண்டுபிடித்தாள். வீட்டின் சின்ன மருமகளை ஓயாத வாயாடியாக்கினாள். பெரியவள் பேசாமல் நிற்பாள். சின்னவள் சுற்றிச் சுற்றி வந்து, “என்னக்கா, அடமானப் பத்திரத்தைப் பார்த்துட்டீங்களா? கோபமா? கோபம் இல்லியா? வருத்தம்தானே? எனக்குத் தெரியும்க்கா, கண்ணே சொல்லுது” என்று முழுக் கதையையும் ஒப்பிப்பாள். அடுப்படிக்காரர்களுக்குக் காது நிறைந்தது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பெரியவளின் முகம் கிடைத்தது. அவள் ஒரு பார்வை பார்த்தால் தெருவே அதைப் பற்றிப் பேசியது. என் கடைக்கு வந்த கணவர்கள் இரண்டு பேர், வீட்டில் மனைவி இப்போதெல்லாம் சண்டை போடாமல் வெறுமனே பார்க்கிறாள், பயமாக இருக்கிறது என்றார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வங்கி மேலாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. உடனே போய்ச் சேர வேண்டும். வெளிநாடு அனுப்பி ஏற்கனவே அலுத்துப்போயிருந்ததால், கொன்றுவிடலாம் என்றார் டைரக்டர். என் மனைவிக்கு மனசில்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை. லாரி மோதியதாக எழுதினாள். படப்பிடிப்புக்குக்கூட அவரால் வர முடியவில்லை. விளக்குப் பிடிக்கும் ஆளைப் படுக்க வைத்து, போர்வையால் முகத்தை மூடிவிட்டார்கள். ஆள் கொஞ்சம் உயரம், கால் மட்டும் வெளியே தெரிந்தது.

அது ஒளிபரப்பான அன்று எட்டரை மணிக்கு அப்பா செய்தியைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில்தான் வாயைத் திறந்தார்.

“அவன் என்னம்மா பாவம் பண்ணான்?”

என் மனைவி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் இந்தத் தொடரைப் பற்றி அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“மாமா, அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு.”

“டிரான்ஸ்ஃபர் ஆனா கொன்னுடுவீங்களா? நான் சர்வீஸ்ல எத்தனை ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கேன்?”

“நிஜத்துல டிரான்ஸ்ஃபர் மாமா. அந்த நடிகருக்கு.”

அப்பா கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். “அது போகட்டும். அவன் சாகல. எனக்குத் தெரியும். முகத்தைக் காட்டல. வெளிய தெரிஞ்ச கால் அவன் கால் இல்ல. ஆறு வருஷமாப் பார்க்கறேன், அவன் கால் எனக்குத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. “செய்திக்கு முன்னால” என்று சேர்த்துக்கொண்டார்.

அப்பா ஒருவர் இல்லை, ஊரே கால்களைப் பற்றிப் பேசியது. மளிகைக் கடையில், பேருந்தில், என் கடையில் எங்கும் அதே பேச்சு. லிஃப்டில் ஒரு அம்மா என் மனைவியை வழிமறித்து, “எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க அவரை?” என்று கேட்டார். சேனலில் இருந்து மேடத்துக்கு உத்தரவு வந்தது, பெரியண்ணன் உயிரோடு வர வேண்டும். எப்படி என்பது எழுதுகிறவர் பாடு.

வங்கி மேலாளரைச் சம்மதிக்க வைக்க, அவர் மாற்றலாகிப் போன ஊருக்கு நானும் அவளும் காரில் கிளம்பினோம். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அப்பா முன்சீட்டில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்.

சின்ன வங்கி. கயிற்றில் கட்டிய பேனா, காலியான தண்ணீர் கேன், எண் காட்டும் சிவப்பு விளக்கு. கண்ணாடி அறைக்குள் பெரியண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவர் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உடம்பு எப்படிப்பா இருக்கு?”

“நல்லா இருக்கேன் சார்.”

“லாரியில அடிபட்டது?”

“அடி எதுவும் படல சார். எழுதினாங்க” என்று அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தயங்கித் தயங்கித் திரும்ப வர முடியுமா என்று ஆரம்பித்தாள். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்மா. இந்த ஊருல ஒருத்தரும் என்கிட்ட பணம் போட மாட்டேங்கறாங்க. நேத்து ஒரு அம்மா டெபாசிட் போட வந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஒரே அழுகை. செத்துப் போனவர்கிட்ட எப்படிப் பணம் குடுக்கறதுன்னு பாஸ்புக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. எனக்கு டார்கெட் இருக்கு. ஞாயித்துக்கிழமை வரேன். எப்படியாவது உசுரு குடுத்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஆனால் வாயாடிச் சின்ன மருமகளுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அவள் இல்லாமல் யார் கதையை விளக்குவது? பெரியவளுக்கோ வசனம் ஆகாது. பெரியண்ணன் மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். டைரக்டர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி எழுதி வைத்திருந்த நீளமான விளக்கத்தை, லாரி டிரைவர், ஆள் மாறாட்டம், மருத்துவமனை, எல்லாவற்றையும் அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“யாரும் பேச வேண்டாம் சார். அவர் வந்து உக்காரட்டும். பெரியவ டீ கொண்டு வந்து வைக்கட்டும். சின்னவ பேச வாயைத் திறந்துட்டு, பேசாம நிக்கட்டும்.”

“மறுபடியுமா?” என்றார் டைரக்டர். ஆனால் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அது ஒளிபரப்பான அன்று நான் சீக்கிரமே கடையை மூடிவிட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியண்ணன் வாசலில் வந்து நின்றார். டிவியில் சத்தமே இல்லை. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகக் குழாய் நிற்பது கேட்டது. பாத்திரச் சத்தம் நின்றது. நாள் தவறாமல் வாயாடிய ஒருத்தி திடீரென்று ஏன் வாயை மூடினாள் என்று பார்க்க அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். என் மனைவியும் வந்து கதவோரம் நின்றாள். திரையில் அந்தப் பெண் டீயை வைத்தாள். அவர் குடித்தார். அவள் அவர் காலைப் பார்த்தாள்.

“அதேதான்” என்றார் அப்பா.

அவர் எப்படிப் பிழைத்தார் என்று கடைசிவரை தொடரில் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எட்டு மணித் தொடர் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓடியது. அந்த ஹாஸ்டல் பையனை அவள் திரும்பக் கூட்டி வந்தாள், தாடியோடு.

இப்போது ஏழு மணிக்கு ஒரு பேருந்து நிலையத்தை வைத்து எழுதுகிறாள். காலையில் நிஜமான பணிமனைக்குப் போய் டிரைவர்களோடு டீ குடித்துப் பேசிவிட்டு வருகிறாள். மேடம் வாங்கிக் கொடுத்த பேருந்துக்கு எஞ்சின் கிடையாது, ஆறு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். போன வாரம் கதாநாயகன் வேலையில் சேர்ந்து முதல் வண்டியை எடுப்பதாக ஒரு காட்சி. தள்ளுகிறவர்களில் நாலு பேருக்குக் காய்ச்சல். மத்தியானம் கடைக்கு வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

“என்ன பண்ணப் போற?” என்றேன்.

“ஸ்டிரைக்குன்னு எழுதிட்டேன்” என்றாள். “ஒரு வாரம் தாங்கும்.”